விழுந்தால் எழ வேண்டி ஒரு பிராது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் கதையாக எழுத ஆரம்பிக்கவில்லை. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, எதிர்வீட்டுச் செல்வநாயகி அக்கா ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "தம்பி, கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது எழுதணும். நீதான் கதயெல்லாம் எழுதுறியே, நல்லா எழுதிக் குடு" என்றாள். அந்தத் தாளில் தொடங்கியதுதான் இது. தாள் போதாமல் இங்கே வந்து நிற்கிறது.

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிற கொளஞ்சியப்பர் முருகன்தான் என்றாலும், எங்களுக்கு அவர் பாதி சாமி, பாதி கோர்ட்டு. நம் குறையைத் தாளில் எழுதி, அவர் முன்னால் வைத்து வாங்கி, அங்கேயே இருக்கிற முனியப்பர் சந்நிதியில் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் பிராது தாக்கல் ஆகிவிட்டது. மாடு காணாமல் போனது, மருமகன் வந்து எட்டிப் பார்க்காதது, பங்காளி வரப்பை வெட்டியது எல்லாம் அங்கே தொங்கும். குறை தீர்ந்ததும் மறுபடி போய் 'ராஜினாமா' எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்கிவிட வேண்டும். வாங்காமல் விட்டால் சாமியை ஏமாற்றிய கணக்கு என்பார்கள்.

நான் பகலில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. மனு என்றால் தூக்கத்தில்கூட எழுதுவேன். மற்ற நேரத்தில் கதை எழுதுகிறேன் என்பது தெருவுக்கே தெரியும், ஒருத்தரும் படித்ததில்லை. எனக்கும் ஒரு வாசகர் கிடைக்கப்போகிறார், அதுவும் சாமியே கிடைக்கப்போகிறார் என்ற சந்தோஷத்தில் பேனாவைத் திறந்தேன்.

"யாரு மேல பிராது, அக்கா?"

"எங்கூட்டுக்காரரு மேலதான்."

"ஐயோ, மாமா என்னா பண்ணாரு?"

"வுழறாரு" என்றாள் செல்வநாயகி.

2

முதல் தொடக்கம்:

'மணிமுத்தாறு வற்றிப்போன ஒரு கோடையில், தன் கண்ணீராலேயே ஆற்றை நிரப்பிவிடக்கூடிய ஒரு பெண்—'

இதை வாசித்துக் காட்டியதும் செல்வநாயகி எழுந்து போய், சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நான் எப்ப தம்பி ஆத்துல போயி அழுதேன்? அவரு வுழுந்தது ஜங்ஷன் ரோட்டுல. சாமி பாவம், ஆத்தோரமா தேடிக்கிட்டுக் கெடப்பாரு" என்றாள்.

இரண்டாவது தொடக்கம்:

'மனுதாரராகிய நான் மேற்படி எதிர்மனுதாரரின் மனைவி ஆவேன். மேற்படி எதிர்மனுதாரர் மேற்படி விலாசத்தில் வசித்துக்கொண்டு மேற்படி—'

"படிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவ வுழுந்துடுவாரு. சுருக்கா எழுது."

சரி. பிராதைத் தள்ளி வைக்கிறேன். முதலில் என்ன நடந்தது என்று உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன், பிறகு அக்காவிடம் போகலாம்.

3

ராஜமாணிக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஸ்ரீமுஷ்ணம் ரூட்டு, அப்புறம் திட்டக்குடி ரூட்டு என்று தலை நரைக்கிறவரைக்கும் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த மனிதர். ரோடு எப்படி இருந்தாலும் அவர் ஆடமாட்டார், பஸ்தான் ஆடும். வேலையை விட்டு வந்த மறுவருஷம் கை ஆட ஆரம்பித்தது. நடை குறுகியது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, பார்க்கின்சன் நோய் என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

கை நடுக்கத்துக்கெல்லாம் செல்வநாயகி அசரவில்லை. தம்ளரில் பாதி டீ ஊற்றினாள். சட்டைப் பொத்தானை அவளே போட்டுவிட்டாள். மெதுவாக நடக்கிறார் என்றால் சீக்கிரமாகக் கிளப்பிவிட்டாள். அவள் சிப்காட் பக்கம் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை செய்கிறவள்— (சிப்காட் இல்லை, தொழிற்பேட்டை. எங்கள் ஊர்க்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள்.) தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை செய்கிறவள். சூளையிலிருந்து வருகிற ஜாடி, பீங்கான் பியூஸ் கட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். 'ணங்' என்றால் நல்ல சரக்கு, 'டொக்' என்றால் உள்ளே விரிசல். அந்த வருஷம்தான் முதலாளி தங்கதுரை அவளைக் கூப்பிட்டு, இனிமேல் இந்த செக்ஷன் முழுக்க உன் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். அவள் அன்றைக்கு வீட்டுக்கு வந்த நடையே வேறு.

அதற்கப்புறம்தான் அவர் விழ ஆரம்பித்தார்.

விழுவதென்றால் தடுக்கி விழுவதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து ரெண்டு எட்டு வைப்பார். கண் ஒரே இடத்தில் நிற்கும். முகம் வெளுக்கும். அப்படியே அரிசி மூட்டை சாய்கிற மாதிரி சாய்ந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "எந்த ஊரு?" என்று கேட்பார். கண்டக்டர் புத்தி. செல்வநாயகிக்கு ஒரு பக்கம் அழுகை வரும், ஒரு பக்கம் சிரிப்பு வரும், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் திட்டிவிடுவாள்.

அவரிடம் நானே ஒருமுறை கேட்டேன், மயக்கம் எப்படி இருக்கும் மாமா என்று. "அது ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி. லைட்டு டிம்மாவும், படம் நின்னுடும். முழிச்சுப் பாத்தா சுத்தி பத்துப் பேரு மூஞ்சி தெரியும். அதப் பாக்கறதுதான் கஷ்டம்" என்றார்.

ஒருநாள் கம்பெனிக்கு லோடு ஏற்ற வந்த தமிழ்ச்செல்வன் வாசலிலிருந்தே கத்தினான். "அக்கா, மாமா ஒயின்ஷாப்பு முன்னாடி ஃபுல்லா கெடக்குறாரு!"

ராஜமாணிக்கம் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. செல்வநாயகி கையிலிருந்த ஜாடியை வைத்துவிட்டு ஓடினாள். ஓடும்போது அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். 'சாமி, இவரு குடிச்சிருக்கணும். குடிச்சிருந்தா தெளிஞ்சிடும்ல.'

போய்ப் பார்த்தால் நல்ல மனசுக்காரர்கள் கூடி நிற்கிறார்கள். பெரிய மனுஷன் மண்ணில் கிடக்கலாமா என்று தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் வலிப்பென்று நினைத்துக் கையில் சாவிக் கொத்தைத் திணித்திருக்கிறார். இன்னொருத்தர் சோடாவை உடைத்து மூஞ்சியில் அடிக்கிறார். அவர் லேசாக முழிக்கிறார், உடனே நிமிர்த்தி உட்கார வைக்கிறார்கள், மறுபடி போய்விடுகிறார். செல்வநாயகியும் அவர்களோடு சேர்ந்து தூக்கி உட்கார வைத்தாள். எல்லாரும் அதைத்தானே செய்வோம்.

4

திட்டக்குடிப் பக்கத்து மங்களூரிலிருந்து பாஞ்சாலை வந்தாள். ராஜமாணிக்கத்தின் அக்கா. கையில் ஆட்டுக்கால், வாயில் யோசனை.

"வேலைய வுட்டுட்டு கூடவே இருடி. ரோட்டுல குடிகாரன் மாதிரி கெடக்குறான் என் தம்பி. நீ அங்க சட்டி தட்டிக்கிட்டு இருக்க."

"நான் வூட்ல இருந்தா மட்டும் வுழாமயா இருப்பாரு?"

"வெளிய வுடாத. நாற்காலியில உக்கார வச்சு, ஒரு துண்ட போட்டுக் கட்டிப்புடு."

உள்ளே படுத்திருந்த ராஜமாணிக்கம், "என்னா கட்டறீங்க?" என்று கேட்டார்.

அவரைக் கட்டிப்போட்டால் எது போய்விடும், எது நிற்கும் என்று வாசகருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன். ராஜமாணிக்கம் தினமும் காலையில் தனியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவார். மாயவன் டீக்கடையில் உட்கார்ந்து, எந்த வண்டி லேட்டு, எந்த டிரைவர் புதுசு என்று விசாரித்துவிட்டு வருவார். அது நின்றால் மனுஷன் சோற்றைக்கூட ஒழுங்காகச் சாப்பிடமாட்டார். அவர் வெளியே போய் வந்தால்தான் செல்வநாயகியும் நிம்மதியாகக் கம்பெனிக்குப் போய் வர முடியும். அவர் நாற்காலியோடு என்றால் அவளும் அந்த நாற்காலியின் பக்கத்தில்தான். ஒரே பூட்டில் ரெண்டு பேரையும் உள்ளே போட்டுப் பூட்டிவிடலாம் என்கிறாள் பாஞ்சாலை, அதுவும் பாசத்தோடு.

(பாஞ்சாலையைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவளை வில்லியாக எழுதியிருந்தேன். மூக்கு கூர்மை, பேச்சு கத்தி என்றெல்லாம் போட்டிருந்தேன். ஆனால் அவள் அந்த ஆட்டுக்காலை வாட்டிச் சுரண்டி, அடுப்படியில் உட்கார்ந்து வியர்க்க வியர்க்க சூப்பு வைத்து, தம்பிக்குக் கை நடுங்குகிறது என்று ஸ்பூனால் ஊட்டிவிட்டதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் கத்தியும் வரவில்லை, கபடாவும் வரவில்லை. வில்லி இல்லாத கதைக்கு வேகம் இருக்காது. பரவாயில்லை, நாயகரும் மெதுவாகத்தான் நடக்கிறார்.)

5

இப்போது பிராதுக்கு வருவோம். மூன்றாவது தடவை ஒழுங்காக எழுதினேன்:

'என் கணவர் இனிமேல் விழாமல் இருக்க அருள் செய்ய வேண்டும்.'

எனக்கே பிடித்திருந்தது. ஒரே வரி. சாமி கையெழுத்துப் போட்டுக் கீழே தள்ளிவிடலாம். செல்வநாயகி அதை ரெண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் தாளைப் பிடுங்கிக் கசக்கிவிட்டாள்.

"என்னா அக்கா?"

"வுழாம இருக்கணும்னு கேட்டா, படுக்கையில போட்டுடுவாரு. படுத்துக் கெடக்குறவன் எங்க தம்பி வுழப் போறான்? கேட்டத குடுத்துட்டேன்னு சாமி கைய கழுவிக்குவாரு."

தாலுகா ஆபீசில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும், மனுவில் கேட்டதை மட்டும் அட்சரம் பிசகாமல் கொடுத்து மனிதனை ஒழித்துக்கட்டுவது எப்படி என்று தினம் பார்த்தும், எனக்கு இது தோன்றவில்லை.

"அப்ப என்னான்னு கேக்கறது?"

அவள் ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்தாள். அங்கே அவர் கொடியில் துண்டைப் போட முயன்றுகொண்டிருந்தார். துண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி போட்டார்.

"எழுதிக்க. அவரு போவணும், வரணும். நானும் போவணும், வரணும். நடுவுல வுழுந்தா எந்திரிக்கணும். அவ்ளோதான்."

எழுதினேன். ஒரு கமா கூடச் சேர்க்கவில்லை. அடுத்த நாள் போய்க் கட்டிவிட்டு வந்தாள்.

6

கட்டிய கையோடு அவரை டவுனில் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். பாஞ்சாலை கேட்டாள், "சாமிகிட்ட குடுத்தாச்சுல்ல, அப்புறம் டாக்டரு எதுக்கு?" செல்வநாயகி சொன்னாள், "அவரு எல்லா கேசையும் பாக்கறவரு. நம்மளும் கொஞ்சம் ஓடியாடுனாத்தான் ஆவும்."

டாக்டர் பெயரைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கொளஞ்சியப்பன். எங்கள் பக்கம் கல்லை விட்டால் ஒரு கொளஞ்சியப்பன் மேல்தான் விழும். ஆனால் சாமியே ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று நான் கதை விடுவதாக நினைப்பீர்கள். நடந்த உண்மையைக் கதையில் வைத்தால் பொய்யாகிவிடுகிறது, என்ன செய்ய? அதனால் இந்தக் கதையில் அவர் பெயர் தேவநாதன்.

தேவநாதன் சின்ன வயசுக்காரர். ராஜமாணிக்கத்தைப் படுக்க வைத்து பி.பி. பார்த்தார். எழுந்து நிற்கச் சொன்னார். நிற்கும்போதே மறுபடி பார்த்தார். கருவியைப் பார்த்துவிட்டு, அவர் சாய்வதற்குள் தோளைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டார்.

"படுத்தா சரியா இருக்குது. நின்னா மளமளன்னு எறங்குது. இந்த நோவுலயே அது உண்டு. வேற என்னா மாத்திர சாப்புடுறாரு?"

செல்வநாயகி மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். நடுக்கத்துக்கான மாத்திரைகள் வந்தன. கடைசியாக ஒரு பழைய அட்டை வந்து விழுந்தது.

"இது என்னா?"

"அது பி.பி. மாத்திர சார்" என்றார் ராஜமாணிக்கம். "நான் வண்டியில இருக்கும்போது எழுதிக் குடுத்தாங்க. அட்டைய காட்டுனா மெடிக்கல்ல குடுத்துடுவாங்க. ஒருநாள்கூட வுட்டதில்ல."

"புதுச்சேரில இத காட்டுனீங்களா?"

"அங்க எதுக்கு சார்? அவங்க நடுக்கத்துக்குப் பாக்கறவங்க. இது வேற ரூட்டு."

தேவநாதன் மேஜைமேல் முழங்கையை ஊன்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். நோய் ஒரு பக்கம் பிரஷரை இறக்குகிறது, இந்த மாத்திரை இன்னொரு பக்கம் இறக்குகிறது. ஒரே வண்டியில் ரெண்டு பேர் பிரேக் போட்டால் வண்டி எப்படி நிற்காமல் இருக்கும்?

"சாப்பாட்டுல உப்பு எப்படி?"

செல்வநாயகி பெருமையாகச் சொன்னாள். "உப்பே போடறதில்லிங்க. பி.பி.ன்னு சொன்ன நாள்லேர்ந்து ஒரு கல்லு போட்டதில்ல."

டாக்டர் மறுபடி முகத்தை மூடிக்கொண்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பி.பி. மாத்திரையை நிறுத்தச் சொன்னார். புதுச்சேரிக்கும் விவரம் எழுதிக் கொடுத்தார். உப்பு போடுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள், படுக்கையிலிருந்து சட்டென்று எழ விடாதீர்கள், முதலில் உட்கார்ந்து, காலை ஆட்டி, நின்று, அப்புறம் நடக்கட்டும். மயங்கினால் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. மட்ட மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள், ரத்தம் தலைக்கு ஏறட்டும் என்றார். கடைசியாக, "நோவு போவாதும்மா. அது முத்திக்கிட்டேதான் போவும். வுழறது கொறையும். நின்னுடும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார்.

திரும்பி வரும் ஆட்டோவில் செல்வநாயகி அழுதாள். "இத்தினி வருஷமா உப்பில்லாம ஆக்கிப் போட்டு உங்கள வுழ வச்சது நான்தானா?"

"உப்பில்லாதத வாய மூடிக்கிட்டுத் தின்னது நானு" என்றார் அவர். "அந்தக் கொழம்பத் தின்னதுக்கு நான்தான் உன்மேல பிராது குடுத்துருக்கணும்."

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி நார்த்தங்காய் ஊறுகாய் வாங்கினாள். அன்று மத்தியானம் அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி ஒரு தனிக் கதையே எழுதலாம். மோர்ச்சோறு, நார்த்தங்காய், மறுபடி மோர்ச்சோறு, மறுபடி— (நாக்கில் எச்சில் ஊறுகிறது. கதையைக் கவனிக்கிறேன்.)

7

வீட்டில் பழக்குவது சுலபமாக இருந்தது. படுக்கையிலிருந்து எழும்போது ராஜமாணிக்கமே, வண்டியை நிறுத்துகிற மாதிரி, தனக்கு "ஓல்டான்" சொல்லிக்கொள்வார். உட்கார்ந்து காலை ஆட்டுவார். "ஏற வேண்டிய ஆளெல்லாம் ஏறியாச்சா?" என்று தலையைக் கேட்பார். பிறகு "ரைட்" சொல்லி எழுவார். ஊரைப் பழக்குவதுதான் பெரும்பாடு.

செல்வநாயகி ஒருநாள் கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே போனாள். "அண்ணே, இவரு வுழுந்தா தூக்காதீங்க. அங்கயே படுக்க வச்சு கால தூக்கிப் புடிங்க" என்று மாயவனிடம் சொன்னாள்.

மாயவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னாம்மா பேசற? மொதலாளி மாதிரி வண்டியில நின்ன மனுஷன். அவர தரையில போட்டு, கால தூக்கி... பாக்கறவன் என்னா நெனைப்பான்?"

"ஏற்கெனவே குடிகாரன்னுதான் நெனைக்கறாங்க. இதுக்கு மேல என்னா நெனைக்க இருக்குது? நீங்க படுங்க."

"நானா?"

"படுங்கண்ணே. காட்டறேன்."

டீக்கடை பெஞ்சில் மாயவன் மல்லாந்து படுக்க, செல்வநாயகி அவர் ரெண்டு காலையும் பிடித்துத் தூக்க, திட்டக்குடி வண்டி ஜன்னலிலிருந்து முழு பஸ்ஸும் எட்டிப் பார்த்தது. டிரைவர் அர்ச்சுனன் வண்டியை எடுக்கவே மறந்துவிட்டார். ராஜமாணிக்கம் டீ தம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ஒசரமா" என்று யோசனை சொன்னார்.

பலன் கிடைத்தது. அடுத்த தடவை ஸ்ரீமுஷ்ணம் வண்டிக்குப் பக்கத்தில் அவர் சாய்ந்தபோது, சாவிக் கொத்தும் வரவில்லை, சோடாவும் வரவில்லை. மாயவன் தலைக்குத் துண்டை வைத்தார். யாரோ ஒரு சம்சாரியின் உளுந்து மூட்டையைப் பிடுங்கி அதன்மேல் காலை ஏற்றினார்கள். ஒரு கண்டக்டர் விசிலடித்து, வண்டிகளைச் சுற்றிப் போகச் சொன்னார். ராஜமாணிக்கம் சீக்கிரமே கண் திறந்து, வழக்கம்போல ஊர் பெயர் கேட்டார். அரைமணியில் தானே நடந்து வீட்டுக்குப் போனார். செல்வநாயகிக்கு விஷயம் தெரிந்தது சாயங்காலம்தான், அதுவும் அவரே சொல்லி. அன்று முழுக்க அவள் கம்பெனியில் நிம்மதியாகச் சரக்குத் தட்டிக்கொண்டிருந்தாள்.

8

இங்கே கதையை முடித்துவிடலாம். எழுதத் தெரிந்த எவனும் இங்கே முடித்துவிடுவான். எனக்கும் மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன.

அ) அவர் அதற்கப்புறம் விழவே இல்லை. (பொய். மழைக்காலத்தில் ரெண்டு தடவை. ஒரு தடவை புருவத்தில் தையல்.)

ஆ) ஒருநாள் அவர் விழுந்தார், யாரும் பக்கத்தில் இல்லை, அப்புறம்— (எழுதமாட்டேன். இந்த மனுஷன் எனக்குத் தினம் எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.)

இ) பிராது பலித்தது. செல்வநாயகி மனமகிழ்ந்து ராஜினாமா கொடுத்தாள். சுபம்.

மூன்றாவதைத்தான் பாஞ்சாலையும் கேட்டாள். "கேட்டது நடந்துருச்சு. போறான், வர்றான். நீயும் போற, வர்ற. வுழுந்தா எந்திரிக்கறான். ஒழுங்கு மரியாதையா போயி ராஜினாமா குடுடி. சாமி குத்தம் சேத்துக்காத." நியாயமான பேச்சு. ராஜினாமாவையும் நானே எழுதினேன், அதே கையெழுத்தில், 'கேட்டபடி நடந்தது' என்று. கதைக்கும் அதுவே கடைசி வரி என்று முடிவு செய்து, கீழே கோடும் போட்டுவிட்டேன்.

9

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டவுன் பஸ்ஸில் நாங்கள் நான்கு பேர் மணவாளநல்லூர் போனோம். நல்ல கூட்டம். ராஜமாணிக்கம் வரிசையில் ரொம்ப நேரம் நின்றார். உட்காருங்கள் என்று சொன்னால் கேட்கவில்லை, சாமி முன்னால் என்ன உட்காருவது என்றார். சந்நிதிக்கு நேர் எதிரே வந்ததும் செல்வநாயகி அவர் முகத்தைப் பார்த்தாள். வெளுத்துவிட்டிருந்தது.

அவள் அவர் அக்குளில் கை கொடுத்து, அப்படியே மெதுவாகத் தரையில் இறக்கினாள். ரெண்டு ஆட்கள் ஓடிவந்து தோளைப் பிடித்தார்கள்.

"தூக்காதீங்க! கைய எடுங்க!" என்று கத்திவிட்டு, அவர் கால் பக்கம் உட்கார்ந்து, குதிகாலைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள். இடம் அவ்வளவுதான் இருந்தது. பாதம் ரெண்டும் நேராகக் கருவறையைப் பார்த்தன.

கூட்டம் பதறிவிட்டது. "ஏம்மா, சாமிக்கு நேரா கால நீட்டுறதா? திருப்பிப் போடுமா! அடுக்குமா இது?" என்று ஒரு பெரியவர் அதட்டினார். சாமி குத்தம் என்றால் செல்வநாயகிக்கும் பயம்தான். ஆனால் காலை இறக்கவில்லை.

அப்போது பாஞ்சாலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யோவ், இந்தக் கால சாமிக்குத் தெரியாதா? இந்தக் காலு மேலதான்யா பிராதே குடுத்துருக்கு! பாக்கட்டும், நல்லா பாக்கட்டும்!" என்றவள் தொப்பென்று தரையில் உட்கார்ந்து, "ஒண்ண இப்புடிக் குடுடி" என்று ஒரு காலை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள். ஆளுக்கொரு காலோடு ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தார். வரிசை எங்களைச் சுற்றிப் போனது.

ராஜமாணிக்கம் கண்ணைத் திறந்தார். இந்தப் பக்கம் பெண்டாட்டி, அந்தப் பக்கம் அக்கா. மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துட்டீங்களா? அப்ப நான் செத்துதான் போயிருக்கேன்" என்றார்.

பாஞ்சாலை அவர் காலில் ஓங்கி ஒரு அடி போட்டாள். எல்லாரும் சிரித்தோம். அவரை நிழலுக்குக் கூட்டிப்போய் உப்பு போட்ட மோர் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்த யாரிடமோ, திட்டக்குடி வண்டி முன்னெல்லாம் எத்தனை மணிக்கு எடுக்கும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்.

செல்வநாயகி ராஜினாமா தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கப் போகவில்லை.

"தம்பி, இத குடுத்துட்டா நம்ம பிராது முடிஞ்சுதுல்ல? அப்புறம் இவரு பேரு சாமி கண்ணுல படாதுல்ல?"

"ஆமாக்கா. கேஸு முடிஞ்சிடும்."

"எனக்கு பயமா இருக்குது தம்பி. டாக்டரு சொன்னத நீயும்தான் கேட்ட. நோவு முத்திக்கிட்டேதான் போவும்னாரு. கேஸு முடிஞ்சுதுன்னா தீர்ப்புதான. எனக்குத் தீர்ப்பு வேணாம்." தாளைத் திருப்பி, எழுதாத பக்கத்தை என் முன்னால் நீட்டினாள். "கோர்ட்டுல வாய்தா வாங்குவாங்களே, அத எழுது."

"சாமிகிட்ட வாய்தா கெடையாதுக்கா. ஒண்ணு பிராது, இல்லன்னா ராஜினாமா."

"நீ கேட்டுப் பாத்தியா?"

நான் கேட்டுப் பார்த்ததில்லை. அவள் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள். அந்த முதுகில் தாளை வைத்து எழுதினேன். 'மேற்படி' என்ற சொல்லை ஒரே ஒரு முறை மட்டும், அவளுக்குத் தெரியாமல் பயன்படுத்திக்கொண்டேன்.

'கொளஞ்சியப்பருக்கு, செல்வநாயகி எழுதிக்கொள்வது. என் வீட்டுக்காரர் போகிறார், வருகிறார். நானும் போகிறேன், வருகிறேன். விழுந்தால் எழுந்திருக்கிறார். இன்று உங்கள் எதிரிலேயே விழுந்து எழுந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஆகவே மேற்படி வழக்கை இப்போது முடிக்க வேண்டாம். கீழ்க்கண்ட தேதி வரைக்கும் வாய்தா கொடுக்க வேண்டியது.'

"எந்தத் தேதிக்கா போடறது?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மோர் பாதி தாடையில் வழிய, கையை ஆட்டி ஆட்டி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"அத நான் எப்பிடிச் சொல்லுவேன்? நீயே பாத்துப் போடு" என்றாள்.

நான் போடவில்லை. பேனாவை ரெண்டு தடவை கொண்டுபோனேன், கை வரவில்லை. இடத்தைக் காலியாகவே விட்டுத்தான் தாளை மடித்துக் கொடுத்தேன். என்னால் ஆகாது. இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், நீங்கள் போடுங்கள்.

தேதி: ______________

கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள்.